ஜிம்மியின் முதுகு: உருவுவதா, பெட்டியில் போடுவதா, பேராதனைக்கு ஓடுவதா?

திருகோணமலைக் கோட்டையிலிருந்து இறங்கி வரும் மான்கள் எங்கள் ஒழுங்கைக்குள்ளும் வரும். டச் பே பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது புதினமில்லை. ஒரு நாள் விடியற்காலை வாழைத்தோலுக்கு வந்து நின்ற மானைக் கண்டதும் ஜிம்மி விறாந்தையிலிருந்து பாய்ந்தான். நாலு படி உயரம். அவன் டாஷண்ட் இனம்: நீள உடம்பு, கட்டைக் கால், ஆறு வயது. மான் ஓடிவிட்டது. ஜிம்மி திரும்பி வந்தபோது முதுகை வில்லாக வளைத்திருந்தான். வயிறு கல்லுப்போல இறுகியிருந்தது. பின்னங்கால் இரண்டும் குடிகாரன் நடைபோல ஒன்றையொன்று பின்னின. தூக்கப் போனேன், வீல் என்று கத்தினான்.

பின்னேரத்துக்குள் நாலு பேரிடமிருந்து நாலு யோசனை வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டு அண்ணை, முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியார் ஒருவரிடம் கொண்டுபோய் எண்ணெய் போட்டு உருவுவிக்கச் சொன்னார். ஸ்காபரோவில் இருக்கும் தங்கச்சி வட்ஸப்பில் வீடியோ அனுப்பினாள். அதில் ஒரு பெண் தங்கச்சியின் நாயுடைய முதுகில் இரண்டு கைகளையும் வைத்து டக் டக் என்று அழுத்துகிறார், நாய் கண்ணை மூடிச் சொக்கிப்போய் நிற்கிறது. “அண்ணா, இது கைரோபிராக்டிக். அங்கையும் ஆராவது செய்வினம், தேடிப் பாருங்கோ” என்றாள். கூட வேலை செய்யும் தம்பி உடனே பேராதனை மிருக வைத்தியசாலைக்கு ஏற்றச் சொன்னான். எங்கள் மிருக வைத்தியர் ஜிம்மியைப் பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டு, ஒரு பெட்டி செய்து அவனை அதற்குள் போடச் சொன்னார்.

இந்த நாலில் எதைத் தெரிந்தெடுப்பது என்று அந்த இரவு நித்திரை இல்லாமல் கிடந்தேன். பிறகு வாசித்தும் கேட்டும் அறிந்ததையெல்லாம் இங்கே எழுதுகிறேன். நீள உடம்பு நாய் வளர்ப்பவர்களுக்கு இப்படி ஒரு விடியற்காலை வரலாம். அப்போது யோசிக்க நேரம் இருக்காது.

வீடியோவிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் ஆளை மிகவும் இழுப்பது. கைரோபிராக்டிக் 1895 இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் என்ற ஊரில் டி.டி.பாமர் தொடக்கிய கைவைத்தியம். முள்ளந்தண்டின் எலும்புகள் இடம் பிசகினால் நரம்பின் வேலை கெடும், கையால் அழுத்திச் சரிசெய்தால் உடம்பு தன்னைத்தானே தேற்றிக்கொள்ளும் என்பது அவர் எண்ணம். பிரித்தானியாவில் ஜோன் மக்டிமனி என்பவர் இதை விலங்குகளுக்கும் கொண்டு போனார். அமெரிக்காவில் 1989 இல் விலங்குக் கைரோபிராக்டிக்குக்கென்று ஒரு சங்கமே அமைந்தது. முறைப்படி படித்தவர்கள் நாயை நடக்கவிட்டுப் பார்ப்பார்கள், ஒவ்வொரு மூட்டாகத் தடவி எது அசைய மறுக்கிறது என்று தேடுவார்கள், பிறகு அந்த மூட்டில் மட்டும் சின்னதாக, வேகமாக ஒரு தள்ளு தள்ளுவார்கள். முறுக்குவதோ இழுப்பதோ இல்லை. பிரித்தானியச் சட்டப்படி மிருக வைத்தியர் நாயைப் பார்த்துச் சம்மதித்த பிறகுதான் மற்றவர்கள் இந்த வேலையைச் செய்யலாம். இந்தக் கடைசி விடயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த டக் சத்தத்தைப் பற்றியும் ஒரு சொல். விலகிய எலும்பு தன் இடத்துக்குத் திரும்பிய சத்தம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நாம் விரலில் நெட்டி முறிக்கும்போது வருவதும் இதே சத்தம்தான். மூட்டு சட்டென்று விரியும்போது அதற்குள் இருக்கும் நீரில் வாயு இடைவெளி ஒன்று உண்டாகிறது. 2015 இல் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ இயந்திரத்துக்குள் வைத்து நெட்டி முறித்து, அந்தக் கணத்தைப் படமாகவே எடுத்துக் காட்டினார்கள். சத்தம் வந்தால் முதுகு நேராகிவிட்டது என்று பொருள் கொள்ள முடியாது.

அப்படியென்றால் இதில் பயனே இல்லையா? அப்படிச் சொல்ல நான் தயாரில்லை. முதுகுத் தசை இறுகிப்போன நாய், வயதாகி மூட்டு விறைத்த நாய், ஒரு காலில் நோ இருப்பதால் மற்றக் காலிலேயே பாரம் போட்டு நடந்து முதுகு பிடித்த நாய் ஆகியவற்றுக்கு, தெரிந்த கை பட்டால் கொஞ்ச நேரத்துக்காவது சுகம் கிடைக்கும் என்று நம்புகிறேன். தங்கச்சியின் நாய் பதினொரு வயது லாப்ரடோர். அதன் முகத்தில் தெரிந்த ஆறுதல் பொய்யில்லை. ஆனால் ஆராய்ச்சி என்று தேடினால், குதிரைகளில் ஓரளவு செய்திருக்கிறார்கள், நாய்களில் மிகக் குறைவு. வெடித்த முள்ளந்தண்டுத் தட்டை இந்த அழுத்தல் சுகப்படுத்தும் என்று காட்டும் உறுதியான ஆய்வு எதையும் நான் காணவில்லை. ஜிம்மிக்கு இருந்ததோ அந்தத் தட்டு நோய்தான்.

அதை விளங்கப்படுத்த வேண்டும். நாயின் கழுத்தில் 7 எலும்பு, நெஞ்சுப் பகுதியில் 13, இடுப்புப் பகுதியில் 7. நமக்கு நெஞ்சில் 12, இடுப்பில் 5. இந்த எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல ஒவ்வொரு தட்டு இருக்கிறது. இந்தத் தட்டை ஒரு கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்: வெளியே நார்த்தோல், உள்ளே மெதுவான பூரணம். டாஷண்ட் போன்ற கட்டைக்கால் இனங்களில் இந்தப் பூரணம் சின்ன வயதிலேயே காய்ந்து சுண்ணாம்புக் கட்டியாகத் தொடங்கிவிடும். சுவீடனைச் சேர்ந்த ஹான்சன் 1952 இலேயே இதை விவரித்துவிட்டார். 2017 இல் இதற்குக் காரணமான மரபணுவையும் கண்டுபிடித்தார்கள். கட்டைக் காலைக் கொடுக்கும் மரபணுக் கதையோடு சேர்ந்ததுதான் அது. டாஷண்ட் நாய்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்றுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்த நோய் வெளிப்படும், பெரும்பாலும் மூன்று வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில். காய்ந்த பூரணத்தைத் தாங்கி நிற்கும் தோல் ஒரு நாள் கிழியும். கிழிந்தால் கட்டி மேல்நோக்கிப் பாய்ந்து, முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்பு வடமான முண்ணாணை நசுக்கும். மானும் நாலு படியும் கடைசிச் சாட்டு மட்டுமே. அவன் தட்டு பல வருடங்களாகவே காய்ந்துகொண்டிருந்திருக்கிறது.

அநேகமான நாய்களில் இது வெடிப்பது நெஞ்சும் இடுப்பும் சந்திக்கும் இடத்தில். நெஞ்சின் மேற்பகுதியில் விலா எலும்புத் தலைகளை இணைத்து, தட்டுக்கு மேலாக ஓடும் ஒரு நார் காவலாக நிற்கிறது. சந்தியில் அந்தக் காவல் இல்லை. அரைகுறையாகக் கிழிந்த கொழுக்கட்டையின் மேல் ஒருவர் வேகமாக ஒரு தள்ளுத் தள்ளினால் மிச்சப் பூரணம் எந்தப் பக்கம் போகும் என்று யோசித்துப் பாருங்கள். புதிதாக முதுகு நொந்து, கால் பின்னுகிற நாய்க்கு இந்த அழுத்தல் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். பயிற்சி பெற்ற கைரோபிராக்டர்களும் தட்டு வெடித்த நாயை, எலும்பு முறிந்த நாயை, முதுகெலும்பில் கிருமி பிடித்த நாயை, கட்டி வளர்ந்த நாயை விலக்கவே படிக்கிறார்கள். வீடியோவில் அந்த விலக்கல் தெரியாது, தள்ளு மட்டும்தான் தெரியும்.

திருகோணமலையில் நாய்க்குக் கைரோபிராக்டிக் படித்தவர் யாரென்று நான் விசாரித்த இடமெல்லாம் கையை விரித்தார்கள். ஆகவே இங்கே ஒருவர் “முதுகைச் சரிசெய்து விடுகிறேன்” என்றால் அநேகமாக அது பரியாரியாரின் உருவல், அல்லது வீடியோ பார்த்துக் கற்ற கை. பரியாரியார்களை நான் குறைத்துப் பேச வரவில்லை. அப்பா சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தபோது புக்கை கட்டிச் சுகப்படுத்தியவர் ஒரு பரியாரியார்தான். மனிதக் கை, மனிதக் கால், மனிதர் வாய்விட்டு “அதுதான், அந்த இடம்தான்” என்று சொல்வது, இவையெல்லாம் அவர்களுடைய அனுபவத்துக்குள் இருக்கின்றன. நாய் சொல்லாது. வலி கூடினால் கடிக்கும், இல்லையென்றால் பயத்தில் உறைந்துபோய் அசையாமல் நிற்கும், பார்ப்பவர்களோ “பாருங்கோ, சுகமாய் நிக்குது” என்பார்கள்.

இதை ஒரு கவலையோடு எழுதுகிறேன். ஜிம்மிக்கு முன்பு எங்கள் வீட்டில் செம்பி என்று ஒரு பெட்டை நாய் இருந்தது. கலப்பு இனம், ஆனால் அதே நீள உடம்பு. அதற்கும் ஒரு நாள் நடை பின்னியது. ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் நல்ல மனதோடு, காசும் வாங்காமல், எண்ணெய் போட்டு முதுகை நன்றாக இழுத்து உருவினார். அடுத்த நாள் காலை செம்பி பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு வந்தது, பிறகு எழும்பவே இல்லை. உருவாமல் விட்டிருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கலாம், ஏனென்றால் இந்த நோய் தானாகவே ஒரு இரவில் மோசமாகும். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் நடந்துகொண்டிருந்த நாயை முதல் நாளே அசையாமல் வைத்திருக்கலாம். அதைச் செய்யாதது நான்.

சரி, பெட்டிக்கு வருவோம். பார்ப்பதற்கு ஒன்றும் செய்யாமல் இருப்பதுபோலத் தெரியும் வைத்தியம் இது, ஆனால் நடக்கக்கூடிய நாய்க்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை. கிழிந்த தோல் ஒட்ட வேண்டும், அதற்கு அசைவு குறைய வேண்டும். அமெரிக்க விலங்கு மருத்துவ நிபுணர்கள் கூடி 2022 இல் வெளியிட்ட வழிகாட்டியில் குறைந்தது நாலு கிழமை என்று சொல்லியிருக்கிறார்கள். நோ மட்டும் உள்ள அல்லது தள்ளாடியாவது நடக்கிற நாய்களில் பத்துக்கு எட்டு இப்படியே தேறிவிடும். கணிசமான நாய்களுக்குப் பிறகு எப்போதாவது திரும்ப வரும், அதை மறைக்கக் கூடாது.

பெட்டி எவ்வளவு பெரிது? நாய் எழுந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் போதும். அதற்கு மேல் இருந்தால் அது பெட்டியில்லை, அறை. எங்களுக்கு ஒட்டுப்பலகையால் தச்சர் ஒருவர் ஒரே நாளில் செய்து தந்தார். முன்பக்கம் வலைக் கதவு, காற்று வர பக்கங்களில் துளை. வெயில் காலத்தில் திருகோணமலை வீட்டுக்குள் பலகைப் பெட்டி அடுப்பு மாதிரி. ஆகவே அதை வடக்குப் பக்க அறையில், விசிறிக்கு நேரே வைத்தோம். அடியில் சாக்கு, அதன்மேல் மெத்தைத் துண்டு. மலசலத்துக்கு மட்டும் வெளியே. அதுவும் தூக்கிக்கொண்டு போய், கழுத்துப் பட்டி போடாமல் நெஞ்சைச் சுற்றும் வாரோடு, இடுப்புக்குக் கீழே துவாயைத் தொட்டில்போலப் பிடித்து, ஐந்து நிமிடத்தில் திரும்பி வர வேண்டும். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மற்றக் கை பின்பக்கத்துக்குக் கீழே, முதுகு நேராக. கக்கத்தில் பிடித்துத் தொங்கவிடக் கூடாது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துப் பழக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

பெட்டியில் கஷ்டம் முதல் கிழமையில் வராது, இரண்டாவதில்தான் வரும். மருந்தால் வலி குறைந்ததும் நாய் தான் சுகமாகிவிட்டதாக நினைக்கும். கதவைப் பிறாண்டும், அழும், உங்களைப் பார்க்கிற பார்வையில் உங்கள் மனம் கரைந்துவிடும். மனைவி, “ஒரு பத்து நிமிஷம் விறாந்தையில விடுவமே, பாவம்” என்றாள். விடவில்லை. தோல் இன்னும் ஒட்டியிருக்காது, ஒரு பாய்ச்சல் போதும். ஜிம்மிக்குச் சாப்பாட்டைத் தட்டில் வைக்காமல் சோறும் மீனும் உருட்டி ஒரு ரப்பர் பந்துக்குள் அடைத்துக் கொடுத்தோம். அதை நக்கி எடுப்பதிலேயே ஒரு மணித்தியாலம் போய்விடும். அப்புறம் வானொலியைப் போட்டு வைத்தோம், வீட்டில் ஆள் சத்தம் கேட்டால் கொஞ்சம் அமைதியாகக் கிடப்பான்.

மருந்தில் ஒரு எச்சரிக்கை. வீட்டில் இருக்கிற பனடோல், இபுபுரூபன், டைகுளோபினக் எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். மனிதருக்கான இந்த நோவு மருந்துகள் நாயின் வயிற்றில் புண் போடும், ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மிருக வைத்தியர் தரும் மெலொக்சிகாம், கார்புரொபின் போன்றவை நாயின் நிறைக்கு அளந்து தருபவை. ஸ்டீரொயிட் ஊசி ஏற்கெனவே போட்டிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், இரண்டும் ஒன்றாகப் போனால் குடலே ஓட்டையாகலாம். செம்பி விடயத்தில் இரண்டு இடத்தில் மருந்து வாங்கினோம், ஒன்றை மற்றவருக்குச் சொல்லவில்லை. இதையும் நான் பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

இனிப் பேராதனை. எந்த நாய்க்கு? எழுந்து நிற்கவே முடியாத நாய்க்கு. அதிலும் முக்கியமாக, பின்னங்காலில் உணர்வு போய்க்கொண்டிருக்கும் நாய்க்கு. உணர்வைப் பார்க்கும் சோதனையை மிருக வைத்தியர் செய்வார்: பின்னங்கால் விரலை ஆழமாக நசுக்குவார். நாய் காலை இழுத்தால் உணர்வு இருக்கிறது என்று நாம் சந்தோஷப்படுவோம், அது தவறு. கால் இழுப்பது முண்ணாணின் கீழ்ப்பகுதி தானாகச் செய்யும் வேலை. நாய் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், கத்த வேண்டும், கடிக்க வர வேண்டும். அப்போதுதான் வலி மூளை வரை போனது என்று பொருள். நடக்க முடியாமல், ஆனால் இந்த உணர்வு மிச்சமாக இருக்கும்போது சத்திரசிகிச்சை செய்தால் பத்தில் ஒன்பது நாய்கள் திரும்ப நடக்கின்றன. உணர்வும் போன பிறகு செய்தால் அது பாதியளவுக்கு விழுந்துவிடுகிறது. உணர்வு போன நாய்களில் சுமார் பத்தில் ஒன்றுக்கு முண்ணாண் மேல்நோக்கி அழுகிக்கொண்டே போய் சில நாளில் உயிரே போகும். எனவே இங்கே காலத்தை மணித்தியாலத்தில் எண்ண வேண்டும். “நாளைக்குப் பார்ப்பம்” என்பது மிக விலை கூடிய சொல்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக மருத்துவ பீடம்தான் இந்த நாட்டில் மிருக வைத்தியர்களைப் படிப்பித்து வெளியே விடும் இடம், அதற்கு ஒரு போதனா வைத்தியசாலை உண்டு. கொழும்பில் தனியார் இடங்களும் இருக்கின்றன. புறப்படுவதற்கு முன் தொலைபேசியில் மூன்று கேள்வி கேளுங்கள்: முதுகுச் சத்திரசிகிச்சை செய்பவர் இன்று இருக்கிறாரா, தட்டைப் பார்க்கும் ஸ்கான் எடுக்க வழி இருக்கிறதா, இரவில் வந்தாலும் ஏற்பீர்களா. சாதாரண எக்ஸ்றேயில் எலும்புதான் தெரியும், வெடித்த தட்டும் நசுங்கிய முண்ணாணும் தெளிவாகத் தெரியாது. எம்.ஆர்.ஐ, சீ.ரீ. ஸ்கான் அல்லது முண்ணாணைச் சுற்றி மருந்து ஏற்றி எடுக்கும் படம் வேண்டும். இதைக் கேட்காமல் ஓடினால் பாதி வழி ஓடியதற்கும் பலன் இல்லாமல் போகலாம்.

வழி நீளம். கந்தளாய், ஹபரண, தம்புள்ளை, மாத்தளை தாண்டிக் கண்டி வரை ஏறக்குறைய 180 கிலோமீட்டர், அதற்கப்பால் பேராதனை. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இருட்டினால் யானை நிற்கும், மாத்தளைக்கு மேலே வளைவுகள். நாயை மடியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். அகலமான பலகையில் படுக்கவைத்து, துவாயால் பலகையோடு சேர்த்துக் கட்டி, வானின் தரையில் வையுங்கள். ஓட்டோவில் இந்தத் தூரம் வேண்டவே வேண்டாம். செலவு பெரிது. சத்திரசிகிச்சைக்கும் தங்கலுக்கும் பெற்றோலுக்கும் சேர்த்துப் பார்த்தால், மாதச் சம்பளத்தில் வாழும் வீட்டுக்கு அது ஒரு கடன். கடன் படமுடியாத வீட்டில் நாயை நேசிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. உணர்வு இருக்கும் நாய் நடக்க முடியாமல் இருந்தாலும் பெட்டியோடும் நல்ல பராமரிப்போடும் சில தேறுகின்றன, சத்திரசிகிச்சையை விட மெதுவாகவும் நிச்சயம் குறைவாகவும். அப்படி வைத்திருப்பவர்கள் சிறுநீரை மறக்கக் கூடாது. கால் விழுந்த நாய்க்கு மூத்திரப்பையும் அடைத்துக்கொள்ளும். ஆறு அல்லது எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வயிற்றை மெல்ல அழுத்தி வெளியேற்ற வேண்டும், அதை வைத்தியரிடம் செய்து காட்டக் கேட்டுப் பழகுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன் ஒரு சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும்: பின்னங்கால் விழுந்தால் எல்லாமே தட்டு நோய் இல்லை. வாகனம் மோதி எலும்பு முறிந்திருக்கலாம். உண்ணிக் காய்ச்சலில் இரத்தம் குறைந்து தள்ளாடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தடுப்பூசி போடாத நாய் திடீரென்று பின்னங்கால் இழுத்து, தாடை தொங்கி, எச்சில் வடித்தால் அது விசர் நோயாக இருக்கலாம். விசர் எப்போதும் வெறிபிடித்து ஓடுவதாக வராது, இப்படி அமைதியாகக் கால் விழுந்தும் வரும். அப்படியான நாயின் முதுகை உருவப் போகிறவர் தன் உயிரைப் பணயம் வைக்கிறார். வாய்க்குள் கை போடாதீர்கள். கடித்தாலோ எச்சில் பட்டாலோ பதினைந்து நிமிடம் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எங்கள் வைத்தியர் ஜிம்மியைத் தொடுமுன் முதலில் கேட்டது ஊசி அட்டையைத்தான்.

அக்குபங்சர், பிசியோதெரபி, நீச்சல் பற்றியும் பலர் கேட்டார்கள். மின்சார அக்குபங்சர் குறித்து நாய்களில் சில ஆய்வுகள் நல்ல முடிவு காட்டியிருக்கின்றன, மருந்தோடு சேர்த்துச் செய்யலாம், தெரிந்தவர் கிடைத்தால். நீச்சல் நல்லது, ஆனால் பெட்டிக்காலம் முடிந்த பிறகு. அலையில்லாத நாளில் உப்புவெளிக் கடலைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும், கரையிலேயே அலை அடித்துப் புரட்டினால் எல்லாம் போச்சு. மாரியில் வாடைக்காற்று எழும்பும் மாதங்களில் அந்தப் பேச்சே வேண்டாம். நாங்கள் வீட்டுத் தொட்டியில் நெஞ்சளவு தண்ணீர் விட்டு, கையால் தாங்கி, ஐந்தாம் கிழமையிலிருந்து நாளுக்கு மூன்று நிமிடம் நடக்கவிட்டோம்.

ஜிம்மி அன்று தள்ளாடியேனும் நடந்தான், விரலை நசுக்கியபோது திரும்பி என் கையையே கடிக்க வந்தான். ஆகவே நான் தெரிந்தெடுத்தது பெட்டி. அதோடு பேராதனை இலக்கத்தைச் சுவரில் ஒட்டி, வான் வைத்திருக்கும் தம்பியிடம் “எந்த நேரமும் கூப்பிடுவன்” என்று சொல்லி வைத்தேன். முதல் மூன்று நாளும் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவிலும் எழுந்து, நிற்கிறானா, சலம் போகிறானா, விரலில் உணர்வு இருக்கிறதா என்று பார்த்துக் கொப்பியில் எழுதினேன். ஒன்று கெட்டாலும் அன்றிரவே புறப்படுவது என்று முடிவு. கெடவில்லை. பன்னிரண்டாம் நாள் பின்னல் குறைந்தது. நாலாம் கிழமை முடிவில் வால் முழுதாக ஆடியது.

சுகமான பிறகு தங்கச்சி திரும்பக் கேட்டாள், இனியாவது கைரோபிராக்டிக் செய்து, திரும்ப வராமல் தடுக்கலாமே என்று. ஜிம்மிக்கு வேண்டாம் என்றேன். அவன் முதுகில் வெடிக்காத, காய்ந்த தட்டுகள் இன்னும் இருக்கின்றன, வேகமான தள்ளு எதுவும் அவற்றின் மேல் விழக் கூடாது. தடுப்பதற்கு நான் நம்புவது வேறு: நிறை கூடாமல் வைத்திருப்பது, படிக்கு மேல் சாய்வுப் பலகை போட்டது, வழுக்கும் டைல்ஸ் தரையில் பாய் விரித்தது, கழுத்துப் பட்டியை எறிந்துவிட்டு நெஞ்சு வார் வாங்கியது. அவளுடைய லாப்ரடோர் வேறு நிலை. அதன் இடுப்பை எக்ஸ்றே எடுத்திருக்கிறார்கள், மிருக வைத்தியரின் சம்மதம் இருக்கிறது, அழுத்துபவர் விலங்குகளுக்கென்று படித்தவர், செய்த அன்று நாய் நன்றாக நடக்கிறது. நோவு மருந்தையும் நிறைக் குறைப்பையும் விடாமல் அதைத் தொடரச் சொன்னேன். இரண்டு தடவை செய்தும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் நிறுத்தச் சொன்னேன். ஒரு நாள் கால் பின்னினால், அழுத்துபவரிடம் போகாமல் நேரே வைத்தியரிடம் போக வேண்டும் என்றும் சொன்னேன்.

பெட்டி இப்போது சாம்பல்தீவில் ஒரு வீட்டில் இருக்கிறது. அவர்களுடைய நாய்க்கு ஐந்து வயது, அதே கட்டைக் கால். போன கிழமை அது முதுகை வளைத்துக்கொண்டு வந்ததும் இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசி எடுத்தார்கள், பெட்டியை ஓட்டோவில் ஏற்றி அனுப்பினேன். மூடியில் சோக்கால் எழுதியிருந்த ஜிம்மியின் திகதிகளை அழித்துவிட்டு, கீழே அந்த மூன்று கேள்வியையும் பேராதனை இலக்கத்தையும் எழுதி விட்டேன். இன்று எட்டாம் நாள். நிற்கிறதாம், சலம் தானாகப் போகிறதாம்.